கிளாஸ்டோஜோ: மைனஸ் பட்டியலை அழித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டிய செயலி

கரும்பலகையின் ஓரத்தில் "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டு, கீழே பெயர்களை அடுக்கி, மறுபடி பேசினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவது வகுப்பு லீடரின் வேலை. தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் நடத்தைக்குப் புள்ளி போடும் கிளாஸ்டோஜோ செயலியை இறக்கி எதையும் மாற்றாமல் ஓட்டினால் அதே பட்டியல்தான் கிடைக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூதத்தின் படம், கூடவே ஒரு ஓசை, அவ்வளவுதான் கூடுதல். செட்டிங்ஸுக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அதே செயலி 3 முதல் 7-ஆம் வகுப்பு வரை உருப்படியாக உதவுகிறது. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த அரை மணி நேரத்தைப் பற்றியது.

செயலி 2011-இல் தொடங்கியது. சாம் சவுத்ரி, லியாம் டான் என்ற இருவர் ஆரம்பித்தார்கள். நிறுவனம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. ஆசிரியருக்கு இலவசம். போனிலும் ஓடும், கம்ப்யூட்டர் பிரவுசரிலும் ஓடும். வகுப்பு உருவாக்கிப் பெயர்களைச் சேர்த்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூதம் வந்துவிடும். பெயரைத் தட்டி, எதற்காக என்று தேர்ந்தெடுத்தால் புள்ளி கூடும் அல்லது குறையும். ஒருவருக்கு, பலருக்கு, ஒரு குழுவுக்கு, முழு வகுப்புக்கு என்று எப்படியும் கொடுக்கலாம். பெற்றோருக்குக் குறியீடு அனுப்பி இணைத்தால் செய்தி அனுப்பும் வசதியும் உண்டு. நிறுவனத்தின் வருமானம் பெற்றோர் பக்கம் விற்கும் பிளஸ் சந்தாவிலிருந்து வருகிறது. அதனால் பெற்றோரின் போனில் அந்த விளம்பரம் எட்டிப் பார்க்கும். சந்தா கட்டாயமில்லை, வகுப்பில் நடக்கும் எதற்கும் அது தேவையில்லை என்பதை முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் "எங்க பையனுக்கு மட்டும் ஏன் அந்தப் பூதம் வரல" என்ற கேள்வி டீச்சரிடம்தான் வரும்.

முதல் வேலை பெயர்கள். முழுப் பெயர், இனிஷியல், புகைப்படம் எதுவும் வேண்டாம். வருகைப் பதிவேட்டு எண்ணும் அழைக்கும் பெயரும் போதும்: "07 கவின்", "21 கவின்". ஒரே வகுப்பில் இரண்டு கவின், மூன்று ஹரிணி இருப்பது சாதாரணம். அவசரத்தில் தவறான பெயரைத் தட்டுவதுதான் இந்தச் செயலியில் அதிகம் நடக்கும் பிழை. முன்னால் எண் இருந்தால் வரிசையும் பதிவேட்டுப்படி நிற்கும், கண்ணும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பெயரைத் தமிழிலேயே அடிக்கலாம்.

அடுத்தது நடத்தைப் பட்டியல். உண்மையான தீர்மானம் இங்கேதான். ஆயத்தமாக வரும் பட்டியலில் ஒரு பக்கம் "பிறருக்கு உதவுதல்", "கடின உழைப்பு", "பங்கேற்பு", "குழுவாகச் செயல்படுதல்" போன்றவை. மறுபக்கம் "மரியாதைக் குறைவு", "பேச வேண்டாத நேரத்தில் பேசுதல்", "வீட்டுப்பாடம் இல்லை" போன்றவை. இரண்டு பக்கத்திலும் ஒரே கோளாறு. இவற்றில் பல, கண்ணால் பார்க்கக்கூடிய செயல்கள் அல்ல. ஆசிரியர் போடும் தீர்ப்புகள். "மரியாதைக் குறைவு" என்று ஒரு புள்ளி போனால், தான் என்ன செய்தோம் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. முறைத்ததா, முணுமுணுத்ததா, எழுந்து நிற்காததா? தெரியாத ஒன்றைத் திருத்திக்கொள்ளவும் முடியாது. "கடின உழைப்பு" என்பதற்கும் இதே கதிதான். நன்றாகப் படிக்கும் ஐந்து பேருக்கே அது போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே வந்ததை எல்லாம் அழித்துவிட்டு, பிள்ளையே "ஆமாம், செய்தேன்" என்று சொல்லக்கூடிய நாலைந்து வரிகளை எழுத வேண்டும். மாதிரிக்கு:

மணி அடித்து ஒரு நிமிடத்துக்குள் நோட்டைத் திறந்தாச்சு.
கை தூக்கி, கூப்பிட்ட பிறகு பேசினார்.
பக்கத்தில் இருப்பவருக்கு விடை சொல்லாமல் வழி சொன்னார்.
தன் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினார்.
போகும்போது பெஞ்சின் கீழே குப்பை இல்லை.

ஐந்துக்கு மேல் போகக் கூடாது. போனில் தட்டும்போது எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். உருட்டித் தேட ஆரம்பித்தால் பாடம் நின்றுவிடும். ஒவ்வொன்றின் மதிப்பையும் 1 முதல் 5 வரை வைக்கச் செயலி இடம் தருகிறது. எல்லாவற்றையும் 1 என்றே வையுங்கள். ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 3 என்று வைத்தால் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கணக்குப் போட்டு, 3 கிடைப்பதை மட்டும் செய்யக் கற்றுக்கொள்வார்கள். அப்புறம் "அவளுக்கு மூணு, எனக்கு ஒண்ணா?" என்ற வழக்கைத் தீர்க்கவே ஒரு பீரியட் வேண்டும்.

மைனஸ் பக்கத்தை முழுவதுமாகக் காலி செய்துவிடலாம் என்பது என் முடிவு. "கண்டிப்பே இல்லாமல் எப்படி?" என்பார்கள். 1968-இல் மேட்சன், பெக்கர், தாமஸ் ஆகிய மூவர் அமெரிக்கத் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் செய்த ஆய்வு இந்தத் துறையில் பழையது, ஆனால் இன்றும் நிற்பது. விதிகளைச் சொல்வது மட்டும் நடத்தையைப் பெரிதாக மாற்றவில்லை. சின்னத் தொந்தரவைக் கண்டுகொள்ளாமல் விட்டு, சரியாகச் செய்கிறவரை அந்த நேரத்திலேயே பாராட்டியபோதுதான் வகுப்பு மாறியது. கிளாஸ்டோஜோவின் பச்சைப் பக்கம் இந்தப் பாராட்டைத் தட்டிப் பதிவுசெய்யும் கருவி. சிவப்புப் பக்கமோ, கண்டுகொள்ளாமல் விட வேண்டியதைக் கூட்டத்தின் நடுவே அறிவிக்கிறது.

சட்டமும் இதில் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடை செய்யவில்லை. மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. ஒரு பிள்ளையின் பெயருக்கு மேல் சிவப்பில் மைனஸ் ஏழு என்று நாள் முழுதும் திரையில் நிறுத்துவது அந்த எல்லைக்கு ரொம்பப் பக்கம். "அடியாத மாடு படியாது" என்று வளர்ந்த தலைமுறைக்கு இது அதிகப்படியாகப் படலாம். ஆனால் பிரம்பைக் கீழே வைத்த கை மைனஸ் பொத்தானைத் தேடுவது நிறைய வகுப்புகளில் நடப்பதுதான்.

கேலி, மிரட்டல், அடிதடி ஆகியவற்றுக்குச் செயலியில் இடமே கொடுக்கக் கூடாது. சிலர் இவற்றை மைனஸ் ஐந்து என்று தாங்களே சேர்த்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், ஐந்து நல்ல காரியம் செய்தால் ஒருவனை அடித்த கணக்கு நேராகிவிடும் என்பது. இப்படிப்பட்டவை தனியாகப் பேசி, தேதியோடு எழுதி வைத்து, தலைமையாசிரியர் வழியாகப் பெற்றோருக்குப் போக வேண்டியவை.

அடுத்து புரொஜெக்டர். ஆசிரியரின் போன் ரிமோட் மாதிரி வேலை செய்யும். இங்கே தட்டினால் திரையில் பெயரும் புள்ளியும் ஓசையோடு வரும். விளம்பரங்களில் அழகாக இருக்கிறது. பாடத்தின் நடுவே 40 தலைகளும் திரையை நோக்கித் திரும்ப, அதுவே ஒரு தொந்தரவு. வகுப்புப் பக்கத்தைத் திரையில் வைக்காதீர்கள், ஓசையை அணைத்துவிடுங்கள். புள்ளியைப் போனில் தட்டும்போதே வாயால் சொல்லுங்கள்: "ஹரிணி, கை தூக்கிக் காத்திருந்தாய், ஒரு புள்ளி." செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதுதான் வேலை செய்கிறது, புள்ளி அதற்கு ரசீது. பீரியட் முடிவில் மொத்தமாக உட்கார்ந்து புள்ளி போடுகிறவர்கள் உண்டு. அரை மணி நேரத்துக்கு முந்தைய செயலுக்கு வரும் புள்ளியைப் பிள்ளை எதோடும் இணைத்துப் பார்க்காது.

எத்தனை புள்ளி கொடுப்பது? 40 நிமிடப் பீரியட், 40 பிள்ளைகள். போனை எடுத்து, திறந்து, பெயர் தேடி, தட்டி முடிக்கச் சுமார் 10 வினாடி ஆகும். எட்டு முறை தட்டினால் ஒரு நிமிடம் 20 வினாடி. அதற்கு மேல் போனால் ஆசிரியர் போனுக்குத்தான் பாடம் எடுப்பார். எட்டுத்தான் என்றால் யாருக்கு என்ற கேள்வி வரும். விட்டுவிட்டால் முதல் பெஞ்சுக்கும், எப்போதும் கை தூக்குகிறவர்களுக்கும் போகும். வகுப்பை எட்டெட்டுப் பேராக ஐந்து வரிசையாகப் பிரித்து, திங்களுக்கு முதல் வரிசை, செவ்வாய்க்கு இரண்டாவது என்று ஒரு நாளைக்கு ஒரு வரிசையைக் கூர்ந்து பாருங்கள். எந்த வரிசை என்பதைச் சொல்லக் கூடாது. சொன்னால் மற்ற நான்கு வரிசைக்கும் அன்றைக்கு விடுமுறை. மற்றவர்களில் யாராவது கண்ணில் படும்படி ஒன்றைச் செய்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியரின் பார்வையில் விழும். அன்றைக்கு வராதவர்களை வருகைப் பகுதியில் குறித்துவிட்டால் முழு வகுப்புக்குக் கொடுக்கும் புள்ளி அவர்களுக்குப் போகாது.

செயலியிலேயே மிக மதிப்புள்ள பகுதி ரிப்போர்ட். பலரும் அதைப் பெற்றோருக்குக் காட்டுவதற்கென்று நினைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியர் தன்னைப் பார்த்துக்கொள்வதற்கு அதைத் திறக்க வேண்டும். வாரம் என்று தேதியைச் சுருக்கிவிட்டு, ஒரு புள்ளிகூட இல்லாத பெயர்களைப் பாருங்கள். குறும்பும் செய்யாத, கையும் தூக்காத, நடு பெஞ்சுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அங்கே இருப்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கு எத்தனை, பெண் பிள்ளைகளுக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மதிய உணவுக்குப் பிந்தைய பீரியடில் புள்ளி அடியோடு நின்றுபோயிருந்தால், அந்த நேரத்தில் என்ன பாடம், எப்படி நடக்கிறது என்று யோசிக்க வேண்டும். தவறாகப் போன புள்ளியையும் ரிப்போர்ட்டில் நீக்கலாம். திரையில் தெரியும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குவதால் ரிப்போர்ட்டில் உள்ள பதிவு அழிவதில்லை. திங்கள்தோறும் பூஜ்யத்தில் தொடங்குவதற்குத் தயங்க வேண்டாம். தொடங்கியே ஆக வேண்டும்: 140 புள்ளி வைத்திருப்பவளைப் பார்த்து 12 வைத்திருப்பவன் ஓடுவதையே நிறுத்திவிடுவான்.

புள்ளிக்கு என்ன பரிசு என்பதில் நிறையப் பணம் வீணாகிறது. பேனா, சாக்லேட், ஸ்டிக்கர் என்று தனியாள் பரிசு வைத்தால் மாதக் கடைசியில் ஆசிரியரின் பர்ஸ்தான் காலி. அதைவிடக் கெடுதல் இன்னொன்று. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த சோதனையில், படம் வரைவதில் ஏற்கனவே ஆர்வமுள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். பிடித்துச் செய்யும் வேலைக்குக் கூலி பேசினால் பிடித்தம் போய்விடுகிறது. ஆகவே விருப்பத்தோடு நடக்கும் வாசிப்பு, ஓவியம், பரிசோதனை ஆகியவற்றுக்குப் புள்ளி வேண்டாம். நோட்டைத் திறப்பது, குப்பை பொறுக்குவது போன்று யாருக்கும் இயல்பாக ஆசை வராத வேலைகளுக்கு மட்டும் வையுங்கள். பரிசும் வகுப்பு மொத்தத்துக்கு இருக்கட்டும். ஒரு நாளைக்கு எட்டு வீதம் ஐந்து நாளுக்கு 40. அந்த இலக்கைத் தொட்டால் வெள்ளிக்கிழமை கடைசி 15 நிமிடம் கதை, விடுகதை அல்லது மைதானம். செலவு கிடையாது.

குழுவாக விளையாடினால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. இதற்கும் பழைய முன்மாதிரி உண்டு: 1969-இல் பேரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் ஆகியோர் ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, இடத்தை விட்டு எழுந்தாலோ குறுக்கே பேசினாலோ அந்த அணிக்கு ஒரு கோடு போட்டார்கள். குறைவான கோடு வாங்கிய அணிக்குச் சலுகை. இரண்டு அணியும் ஐந்துக்கு மேல் போகவில்லையென்றால் இரண்டுமே வென்றன. கடைசி விதிதான் சூட்சுமம். எதிரணியைத் தோற்கடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. கிளாஸ்டோஜோவில் குழு அமைத்து இதைத் தலைகீழாக, நல்லதை எண்ணி ஆடலாம்: எட்டு எட்டாக ஐந்து அணி, முன்பே சொன்ன இலக்கைத் தொட்ட எல்லா அணியும் வெற்றி. வேண்டுமென்றே தன் அணியைக் கவிழ்க்கும் ஒரு பிள்ளை எப்படியும் வரும். ஏழு பேரின் கோபம் அவன் மேல் விழும் முன், சத்தமில்லாமல் அவனைத் தனி அணியாக்கி, அவனுக்கு மட்டும் எட்டக்கூடிய இலக்காக மூன்று வைத்துவிடுங்கள்.

டைமர் போன்ற வகுப்புக் கருவிகள் இருக்கும் டூல்கிட் பகுதி புள்ளியைவிட உபயோகமானது என்று சொல்கிறவர்கள் உண்டு, பாதி உண்மை. டைமர் அருமை. "சீக்கிரம் எழுதுங்க" என்று கத்துவதற்குப் பதில் திரையில் நான்கு நிமிடம் ஓட விட்டால் போதும். ஒருவரைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் பொத்தானும் நல்லது, ஆனால் கேள்வியை முதலில் கேட்டு, யோசிக்க நேரம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் அழுத்த வேண்டும். பெயரை முதலில் சொன்னால் மற்ற 39 பேரும் மூளையை மூடிவைத்துவிடுவார்கள். சத்தம் அளக்கும் கருவிதான் ஏமாற்றம். மைக் வழியாக ஓசையைக் கேட்டுத் திரையில் காட்டும். நம் வகுப்புகளில் சீலிங் ஃபேன் ஓசையும், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரலும் சேர்ந்தே முள்ளை ஏற்றிவிடும். ஃபேனை ஓட விட்டு, வகுப்பு அமைதியாக இருக்கும்போது உணர்திறனைக் குறைத்து வைத்தால் ஓரளவு சரியாகும். இருந்தும் முதல் வாரம், எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்கவே பிள்ளைகள் கத்துவார்கள். குழு வேலையின்போது பத்து நிமிடம் மட்டும் போடுங்கள்.

பெற்றோர் தொடர்பில் இதற்கு ஒரு நிச்சயமான நன்மை இருக்கிறது: ஆசிரியரின் செல் நம்பர் யாருக்கும் போகாது. வாட்ஸ்அப் குழுவில் 40 வீட்டுக்கும் நம்பர் தெரிந்து, இரவு பத்து மணிக்கு "நாளைக்கு என்ன டிரெஸ் மிஸ்?" என்று கேட்கப்படும் ஆசிரியைகளுக்கு இது சின்ன விஷயமல்ல. செய்தி அறிவிப்பு வராத "அமைதி நேரத்தை" மாலை ஆறு முதல் காலை எட்டு வரை வைத்துவிடலாம். புள்ளிகளைப் பெற்றோருக்குக் காட்டாமல் நிறுத்தவும் வழியுண்டு, நிறுத்திவிடுங்கள். பள்ளியில் குறைந்த புள்ளிக்கு வீட்டில் அடி விழுந்தால், பிரம்பு வீடு மாறியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. புள்ளியை அனுப்புவதற்குப் பதில், இரண்டு வரிப் பாராட்டை வாரத்துக்கு எட்டுப் பேர் வீதம் அனுப்பினால் ஐந்து வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். ஒரு குறையைச் சொல்ல வேண்டிய நாளில் அந்த வீட்டில் கதவு திறந்திருக்கும்.

தரவு விஷயத்தில் 2014-இல் அமெரிக்காவில் இந்தச் செயலியைச் சுற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. பிள்ளைகளின் நடத்தைப் பதிவு ஒரு தனியார் நிறுவனத்திடம் என்றைக்கும் கிடக்கலாமா என்பது கேள்வி. அதன் பிறகு நடத்தைப் புள்ளிகளை ஓராண்டுக்கு மேல் வைப்பதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, பெற்றோரின் ஒப்புதலை முன்வைக்கிறது. ஆசிரியர் தனியாக முடிவெடுத்துத் தொடங்குவது சரியல்ல. தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி, பெற்றோர் கையெழுத்து, இரண்டும் வாங்கிய பிறகு முதல் பெயரை ஏற்றுங்கள். வகுப்பறையில் ஆசிரியர் போன் வைத்திருக்கவே தடையுள்ள பள்ளிகளில் இது எப்படியும் முதல் படி.

யாருக்கு ஒத்துவராது? 9-ஆம் வகுப்புக்கு மேல் பூதப் படத்தைப் பார்த்தாலே சிரிப்பார்கள். அங்கே புள்ளி கொடுப்பது அவமதிப்பாகத்தான் போகும். கவனக்குறைவு மிகைச் செயல்பாடு (ADHD) உள்ள பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைப் பரிசு ரொம்பத் தூரம். அவர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு சின்ன இலக்கு, உடனே ஒரு தலையசைப்பு, எழுந்து நடமாட ஒரு வேலை என்று தனி ஏற்பாடு வேண்டும், சிறப்பாசிரியரோடு பேசி. பீரியடுக்கு ஒரு ஆசிரியர் மாறும் 6, 7-ஆம் வகுப்புகளில் வகுப்பை மற்ற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஐந்து வரிகளையும் எல்லோரும் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட பிறகுதான். கணக்கு சார் அள்ளிக் கொடுத்து, அறிவியல் மிஸ் கிள்ளிக் கொடுத்தால் அதுவே சண்டைக்கு விதை. நெட் சரியாக வராத பள்ளியில் இதை மறந்துவிடுங்கள். கண்ணாடி பாட்டில் ஒன்று, கோலிகுண்டு 40, மேசை மேல். குண்டு விழும் சத்தம் எந்தச் செயலி ஓசையையும்விட வகுப்புக்குப் பிடிக்கும். ரிப்போர்ட் மட்டும் கிடைக்காது; அதற்குப் பதிலாக பெயர்ப் பட்டியல் ஜெராக்ஸ் ஒன்றில் பென்சில் கோடு.

என் மதிப்பெண், எதையும் மாற்றாமல் பயன்படுத்தினால் 5-க்கு 2. மேலே சொன்னபடி மாற்றினால் 4. பரீட்சை முடிந்ததும் ஏப்ரலிலேயே வகுப்பை நீக்கிவிடுங்கள். போன வருடத்து நடத்தைப் பதிவு ஜூனில் புதிய ஆசிரியர் கைக்குப் போகக் கூடாது.